பெடல் பெட்டிமேல் படமும் எழுத்தும் நிலைத்து நிற்க என்ன வழி?

மூன்றாந்தந்தி

வணக்கம் நண்பர்களே.

125பி அளவு அலுமினியப் பெட்டியில் ஒரு ஃபஸ் பெடல் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் மிதித்து இயக்கும் கருவி) கட்டி முடித்திருக்கிறேன். இரண்டு சிலிகான் டிரான்சிஸ்டர், இரண்டு குமிழ், ஒரு ஃபுட்ஸ்விட்ச், ஒரு எல்இடி. சத்தம் எனக்குப் பிடித்த மாதிரியே வந்துவிட்டது. வெளியே மட்டும் வெறும் உலோகம். எது வால்யூம், எது ஃபஸ் என்று பெர்மனென்ட் மார்க்கரால் எழுதிவைத்தேன். விரல் பட்டுப் பட்டு அது மங்கிக்கொண்டே போகிறது.

இதற்கு முன் கட்டிய ஓவர்டிரைவ் பெடலுக்குச் சாதாரண ஸ்பிரே பெயிண்ட் அடித்து, அதன் மேல் கிளியர் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) அடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஃபுட்ஸ்விட்ச் நட்டை இறுக்கியபோது வாஷருக்கு அடியிலிருந்து பெயிண்ட் நசுங்கி வளையமாகப் பிதுங்கியது. இப்போது அந்த இடத்திலிருந்து செதில் செதிலாகப் பெயர்கிறது.

இந்த ஃபஸ்ஸை எங்கள் பேஸ் வாசிப்பாளருக்காகக் கட்டினேன். அவர் ஷூ காலோடு நன்றாக அழுத்தி மிதிப்பவர். மேலே போட ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறேன்: சிறகு விரித்த வௌவால், முழுக்கக் கறுப்புக் கோடுகள். இரண்டு சிறகும் மடங்கும் இடத்தில் ஆளுக்கொரு குமிழ் வந்து உட்காரும். அதன் கீழே இரண்டே சொல்.

ஸ்டிக்கர் வேண்டாம் என்று நினைக்கிறேன், ஓரம் கிளம்பிவிடும். வீட்டிலேயே செய்யக்கூடிய, மிதித்தாலும் போகாத முறை எது? அந்த ஓவர்டிரைவில் பெயிண்ட் ஏன் அப்படி ஆனது என்றும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

---

அரக்குப்பூச்சு

உங்கள் வௌவாலுக்கு வாட்டர்ஸ்லைடு டெக்கால்தான் என் பரிந்துரை. மெல்லிய கோடு, சாயல், நிறம் எல்லாம் வரைந்தபடியே வரும். வீட்டில் செய்யும் வேறு எந்த முறையிலும் அவ்வளவு நுணுக்கம் கிடைக்காது.

டெக்கால் தாளில் பசைப்பூச்சின் மேல் ஒரு மெல்லிய படலம் இருக்கும். அதில் அச்சடித்து அரை நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டால் பசை இளகி, படலம் தாளைவிட்டு வழுக்கிக்கொண்டு வரும். லேசர் பிரிண்டரில் அடித்தால் டோனர் (அதன் அச்சுப்பொடி) தண்ணீருக்கு அசையாது. இங்க்ஜெட் என்றால் மை காய்ந்ததும் அக்ரிலிக் கிளியரை இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக அடித்து, அதுவும் காய்ந்த பிறகே தண்ணீரில் போட வேண்டும். இல்லையென்றால் மை கரைந்து ஓடிவிடும்.

சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. ஒளிபுகும் தாளில் அடித்தால், படத்தில் வெள்ளையாக இருக்கும் இடமெல்லாம் பெட்டியின் நிறத்தில்தான் தெரியும். ஆகவே முதலில் பெட்டிக்கு வெள்ளை, வெளிர் மஞ்சள் மாதிரி இளநிறம் அடித்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கோட்டுப் படம் அதன் மேல் பளிச்சென்று நிற்கும்.

ஒட்டும்போது பெட்டிமேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, படலத்தை நகர்த்தி இடம் பாருங்கள். சரியாக உட்கார்ந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாகத் தள்ளித் தண்ணீரை வெளியேற்றுங்கள். காற்றுக்குமிழி மாட்டினால் ஊசி முனையால் குத்தி அழுத்துங்கள். ஓட்டைகளுக்கு மேலே இருக்கும் படலத்தை அப்போதே வெட்டாதீர்கள். முழுதாகக் காய்ந்த பிறகு புது பிளேடால் வெட்டினால் கிழியாது.

படலத்தின் ஓரம் கண்ணில் படக்கூடாது என்றால், படத்தை மட்டும் கத்தரித்து ஒட்டாமல் மேல்முகம் முழுவதற்கும் ஒரே துண்டாக வெட்டுங்கள். ஓரம் பெட்டியின் விளிம்பில் போய் முடிந்துவிடும். அப்புறம் மெல்லிய கிளியர் பல பூச்சு, 1000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டு லேசான தேய்ப்பு, மறுபடி கிளியர். விரலால் தடவினால் ஓரம் தட்டக்கூடாது, அதுவரை அடித்துக்கொண்டே போங்கள்.

---

ஈயப்புகை

முதலில் ஓவர்டிரைவ் பெயிண்ட் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எந்த முறைக்குப் போனாலும் இது திரும்ப வரும்.

நீங்கள் சொல்வதில் இரண்டு தனித்தனிப் பிரச்சினை இருக்கிறது. செதிலாகப் பெயர்வது அடிப்பிடிப்பு இல்லாததால். நசுங்கிப் பிதுங்கியது பெயிண்ட் முழுதாக இறுகாததால்.

அடிப்பிடிப்புக்கு வருவோம். அலுமினியம் காற்றுப் பட்ட உடனேயே தன்மேல் ஒரு ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்ளும். வழவழவென்ற அந்தத் தோலில் சாதாரண பெயிண்ட் சரியாகப் பற்றாது. நாம் வாங்கும் டை-காஸ்ட் பெட்டிகளில், அச்சிலிருந்து கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய்ப்பொருளின் மிச்சமும் இருக்கும். ஆகவே பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, 320 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, அசிட்டோனோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ தொட்டுத் துடைக்க வேண்டும். வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கறை வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். அதன் பிறகு வெறும் விரல் படக்கூடாது. அன்றைக்கே செல்ஃப்-எட்ச் பிரைமர் அடித்துவிட வேண்டும். அதில் இருக்கும் அமிலம் அலுமினியத்தை லேசாகக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். மேலே வரும் நிறமும் கிளியரும் இந்த ஒரு பூச்சை நம்பித்தான் நிற்கின்றன.

இனி இறுகுவது. ஸ்பிரே பெயிண்ட் தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில மணி நேரத்தில் வந்துவிடும். உள்ளே இருக்கும் கரைப்பான் முழுதும் வெளியேறி இறுக, எனாமல் வகைக்கு வாரக்கணக்கில் ஆகும். கனமாக அடித்தால் இன்னும் தாமதம்: மேல் தோல் மூடிக்கொண்டு கரைப்பானை உள்ளேயே அடைத்துவிடும். மூக்கருகே வைத்துப் பாருங்கள், பெயிண்ட் வாசனை வந்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். கண்ணில் படாத மூலையில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள், தடம் விழுந்தாலும் ஆகவில்லை. சமையலுக்குப் பயன்படுத்தாத சிறு ஓவன் இருந்தால், ஒருநாள் காற்றாட வைத்துவிட்டு 70 முதல் 90 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கலாம். காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

நட்டை இறுக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. ஃபுட்ஸ்விட்சுக்கு இரண்டு நட்டு உண்டு, ஒன்று பெட்டிக்கு உள்ளே, ஒன்று வெளியே. வெளி நட்டைத் திருகி இறுக்கினால் அது பெயிண்ட்மேல் அரைத்துக்கொண்டே சுற்றும். வெளி நட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு உள் நட்டை ஸ்பானரால் இறுக்குங்கள். பல்வாஷர் உள்பக்கம் இருக்கட்டும், வெளிப்பக்கம் நைலான் வாஷர் போதும். ஓட்டையைச் சுற்றி, வாஷர் மறைக்கும் அளவுக்குக் கொஞ்சம் உள்ளே, பிளேடால் பெயிண்ட்டை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டால் வாஷர் உலோகத்தின்மேலேயே உட்காரும். அங்கே விரிசல் விட்டாலும் பெயிண்ட்டுக்குள் பரவாது.

இப்போது உங்கள் வௌவால். அரக்குப்பூச்சு சொன்ன டெக்கால் நல்ல முறை, வண்ணப் படம் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஷூ போட்டு மிதிக்கும் ஆளுக்கு, ஒரே நிறத்தில், கோட்டுப் படம் என்றால் எட்சிங் எனும் வேதி அரிப்புக்கே என் ஓட்டு. டெக்கால், பெயிண்ட், ஸ்டிக்கர் எல்லாம் உலோகத்துக்கு மேலே உட்காருபவை. தேய்மானம் முதலில் அங்கேதான் தொடங்கும். எட்சிங்கில் எழுத்து உலோகத்துக்குள் பள்ளமாக இறங்கிவிடும். அந்தப் பள்ளத்தில் கறுப்புப் பெயிண்ட் நிரம்பியிருக்கும். ஷூ மேல்பரப்பைத்தான் தேய்க்கும், பள்ளத்தைத் தொடாது. மேல்பரப்பில் கீறல் விழ விழ வெள்ளிநிறம் மாறலாம், எழுத்து அப்படியே நிற்கும்.

இதற்கு மயில்துத்தமும் உப்பும் போதும். மயில்துத்தம், அதாவது காப்பர் சல்ஃபேட், தனியாக அலுமினியத்தை ஒன்றும் செய்யாது, அந்த ஆக்சைடு தோல் தடுத்துவிடும். உப்பில் இருக்கும் குளோரைடுதான் தோலைத் துளைத்து வழிவிடுகிறது. வழி கிடைத்ததும் அலுமினியம் கரைசலுக்குள் போகும், அதற்குப் பதிலாகச் செம்பு வெளியே படியும். இரண்டையும் சம எடையில் எடுத்து, லிட்டருக்கு ஒவ்வொன்றும் 50 முதல் 75 கிராம் என்று கரையுங்கள். நீலக் கரைசல் உப்புச் சேர்ந்ததும் பச்சைக்குத் திரும்பும். வேலை நடக்க நடக்க நிறம் வெளிறி, கடைசியில் தண்ணீர் போல் ஆனால் செம்பு தீர்ந்துவிட்டது, புதிதாகக் கலக்க வேண்டும்.

வரிசையாகச் சொல்கிறேன். பெட்டியின் மேல்முகம் பார்க்கத் தட்டையாகத் தெரிந்தாலும் நடுவில் லேசான குழி இருக்கும், வார்ப்பில் அப்படித்தான் வரும். மார்க்கரால் முகம் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுங்கள். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் 220 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் தேயுங்கள். முதலில் ஓரத்துக் கோடுகள் அழியும், நடுவில் ஒரு நீள்வட்டம் மட்டும் கோடுகளோடு நிற்கும். அந்த நீள்வட்டம் சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போனால் முகம் தட்டையாகிவிட்டது. பிறகு 400. தட்டையாக இல்லாத பெட்டியில் டோனர் நடுவில் ஒட்டாது, எவ்வளவு இஸ்திரி போட்டாலும் ஒட்டாது.

படத்தை இடவலமாகத் திருப்பி, லேசர் பிரிண்டரில், வழவழப்பான தாளில் அடியுங்கள். எந்த இடம் அரிக்கப்படக் கூடாதோ அங்கே டோனர் இருக்க வேண்டும். உங்கள் வௌவால் கறுப்புக் கோடு என்பதால் கோடுகள் வெறுமையாகவும் மற்ற இடமெல்லாம் கறுப்பாகவும் அச்சாக வேண்டும், அதாவது நெகட்டிவ். குமிழ், ஸ்விட்ச், எல்இடி வரும் இடங்களின் மையத்தில் ஒரு சின்னக் கூட்டல்குறியும் படத்திலேயே போட்டுவிட்டால் அதுவும் சேர்ந்து அரிபடும். பிறகு துளை போடும்போது டிரில் முனை அந்தக் குறியில் உட்காரும். படமும் ஓட்டையும் ஒன்றுக்கொன்று விலகவே விலகாது.

கோடு எதுவும் அரை மில்லிமீட்டருக்கு மெலிதாக வேண்டாம். அரிப்பு கீழே இறங்கும்போது பக்கவாட்டிலும் கொஞ்சம் தின்னும். சிறகின் எலும்புக் கோடுகள் கூடும் மூலையில் இடைவெளி குறைவாக இருந்தால் இரண்டு கோடும் ஒன்றாகிவிடும், அங்கே கொஞ்சம் விரித்து வரையுங்கள்.

இந்தப் பெட்டி கனமான உலோகம், சூட்டை இழுத்துக்கொள்ளும். தாளை வைப்பதற்கு முன்பே இஸ்திரிப் பெட்டியை அதிகச் சூட்டில், நீராவி இல்லாமல், வெறும் பெட்டியின் முகத்தில் சில நிமிடம் வைத்துச் சூடேற்றுங்கள். பிறகு தாளை ஒருமுறைக்குமேல் நகர்த்தாமல் வைத்து, இஸ்திரியை அழுத்தி, ஓரங்களைத் தனியாகக் கவனித்து அழுத்துங்கள். தண்ணீரில் ஊறவிட்டுத் தாளைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுங்கள். பிய்த்து இழுக்க வேண்டாம். டோனர் பரப்பு பெரிதாக இருந்தால் ஊசிமுனை அளவு ஓட்டைகள் நிச்சயம் இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்த்து ஒவ்வொன்றையும் நெயில் பாலிஷால் அடையுங்கள். பக்கச்சுவர்களுக்குப் பேக்கிங் டேப்.

அரிக்கும்போது படத்தின் முகம் கீழே பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளின்மேல் பெட்டியைக் கவிழ்த்து, முகம் மூழ்கும் அளவுக்கு மட்டும் கரைசல் விடுங்கள். செம்பு, சிவப்புப் பஞ்சு மாதிரி திரண்டு வரும். முகம் கீழே இருந்தால் அது தானாக உதிர்ந்து அடியில் போய்விடும். மேலே பார்க்க வைத்தால் பள்ளத்திலேயே படிந்து அரிப்பைத் தடுக்கும், கோட்டின் அடி மேடும் பள்ளமுமாகிவிடும். கவிழ்த்து வைப்பதில் ஒரு தொல்லை, வாயுக்குமிழிகள் அடியில் மாட்டிக்கொள்ளும். அதனால் சில நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கி, பழைய மென்மையான டூத்பிரஷால் வருடிவிட்டு மறுபடி வையுங்கள். டப்பாவைத் தொட்டுப் பாருங்கள், சூடேறிக்கொண்டே போனால் வெளியே எடுத்து ஆறவிடுங்கள். சூடு மீறினால் டோனர் ஓரத்தில் கிளம்ப ஆரம்பிக்கும்.

எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது. கழுவிவிட்டு நகத்தின் ஓரத்தால் கோட்டைக் குறுக்கே வருடுங்கள். நகம் தெளிவாகத் தடுக்கி நின்றால் போதும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ இறங்கியிருந்தால் பெயிண்ட் பிடித்துக்கொள்ளும்.

கையுறை, கண்ணாடி கட்டாயம். இந்த வினையில் ஹைட்ரஜனும் வரும், அதனால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. கரைசலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். செம்பு நீரில் வாழும் உயிர்களுக்கு விஷம். மிஞ்சியதில் அலுமினியத் தாள் துண்டுகளைப் போட்டு நிறம் போகும்வரை விட்டால் செம்பெல்லாம் வண்டலாக இறங்கிவிடும். வண்டலை வடிகட்டி, ரசாயனக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

பிறகு டோனரை அசிட்டோனால் துடைத்து எடுங்கள். பள்ளத்தின் அடி சாம்பல் கலந்த கறுப்பாக இருக்கும். இந்த வார்ப்பு உலோகத்தில் சிலிகான் நிறைய உண்டு, அது கரையாமல் தங்கிவிடுவதால் வரும் நிறம் இது. பிரஷால் தேய்த்து, பள்ளம் நிரம்ப எனாமல் கறுப்புப் பெயிண்ட் பூசுங்கள். இறுகிய பிறகு 600 நம்பர் தாளை ஒரு தட்டைக் கட்டையில் சுற்றி, தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். விரலை வைத்துத் தேய்க்காதீர்கள், விரல் பள்ளத்துக்குள் அமுங்கிப் பெயிண்ட்டைத் தோண்டிவிடும். மேலே இருக்கும் கறுப்பு போய்க் கோடு மட்டும் நிற்கும் நேரம் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் முகம் முழுக்கக் கரிப்பூச்சாக இருக்கும், அதில் சிறகின் ஒரு மூலை துலங்கும், அப்புறம் காது, அப்புறம் எழுத்து.

கடைசியாக ஒரே திசையில் நீளவாக்கில் தேய்த்தால் இழையோட்டம் போல ஒரு மினுமினுப்பு வரும். அதன் மேல் மேட் கிளியர் இரண்டு மெல்லிய பூச்சு. கிளியர் இல்லாவிட்டால் விரல் ரேகை படிந்து மங்கும்.

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். பெடலை நாம் நின்றுகொண்டு, மங்கலான வெளிச்சத்தில், தலைக்கும் தரைக்கும் இருக்கும் தூரத்திலிருந்து பார்க்கிறோம். 1974-இல் வந்த எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 பெடலைப் பாருங்கள்: ஆரஞ்சுப் பெட்டி, கறுப்பு எழுத்து, ஒரே குமிழ். எந்த மேடையிலும் அதைத் தேட வேண்டியதில்லை. உங்கள் இரண்டு சொல்லையும் தடித்த எழுத்தில் போடுங்கள். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த இரண்டு சொல்லும் முதலில் கண்ணில் பட வேண்டும்.

---

குமிழ்த்தலை

வரையத் தெரிந்தவர் என்பதால் இன்னொரு வழியும் சொல்கிறேன்: கையாலேயே வரைந்துவிடுங்கள். ஸீவெக்ஸ் நிறுவனத்தின் ஃபஸ் ஃபேக்டரி பெடல் கையால் வர்ணம் தீட்டிய பெட்டிகளால் பெயர் பெற்றது. விலை குறைந்த வெக்ஸ்டர் வரிசைக்குத்தான் ஸ்கிரீன் பிரிண்டிங் போனார்கள். ஒவ்வொரு பெட்டியும் வேறு மாதிரி இருப்பதே அதன் மதிப்பு.

பவுடர் கோட் செய்த பெட்டியாக வாங்கிக்கொள்ளுங்கள். மின்னேற்றிய பொடியைத் தூவி 180 - 200 டிகிரி சூட்டில் உருக்கி இறுக்கியிருப்பார்கள். வீட்டு ஸ்பிரேயைவிடப் பல மடங்கு கெட்டி. நட்டு இறுக்கினால் நசுங்காது. பளபளப்பு போக 600 நம்பர் தாளால் லேசாகத் தேய்த்து, தண்ணீர் கலந்த அக்ரிலிக் பெயிண்ட் பேனாவால் வரையுங்கள். பெர்மனென்ட் மார்க்கர் வேண்டாம். அதன் மேல் கிளியர் அடித்தால் கரைப்பான் பட்டு மை பரவிக் கோடெல்லாம் ஊதா நிழலாகிவிடும். அக்ரிலிக் நன்றாகக் காய்ந்தால் அசையாது. முதல் கிளியர் பூச்சை மட்டும் தூரத்திலிருந்து, தூறல் போல அடியுங்கள்.

கறுப்புப் பவுடர் கோட் பெட்டி என்றால் சிறிய லேசர் எந்திரத்தால் பூச்சை எரித்து அடியில் இருக்கும் வெள்ளி உலோகத்தை வெளியே கொண்டுவரலாம். வெள்ளிக் கோட்டு வௌவால் கறுப்பின் மேல் மிக எடுப்பாக இருக்கும். புகையை வெளியேற்ற விசிறி அவசியம்.

யுவி பிரிண்டிங், ஸ்கிரீன் பிரிண்டிங் எல்லாம் ஒரே படத்தில் நிறையப் பெட்டி செய்யும்போது யோசிக்கலாம். ஒற்றைப் பெட்டிக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை.

---

மூன்றாந்தந்தி

எல்லோருக்கும் நன்றி. ஈயப்புகை அண்ணா, நட்டை உள்ளிருந்து இறுக்க வேண்டும் என்பதை இதுவரை யாரும் சொன்னதில்லை. ஓவர்டிரைவை முழுக்கச் சுரண்டிவிட்டு பிரைமரிலிருந்து மறுபடி ஆரம்பிக்கப் போகிறேன். ஃபஸ்ஸுக்கு எட்சிங் என்று முடிவு செய்துவிட்டேன்.

மூன்று சந்தேகம். ஃபஸ் பெட்டியில் ஏற்கெனவே எல்லா ஓட்டையும் போட்டாயிற்று, அதை அரிக்க முடியுமா, இல்லை புதுப் பெட்டி வாங்கவா? சர்க்யூட் போர்டு செய்ய வாங்கிய ஃபெரிக் குளோரைடு ஒரு பாட்டில் இருக்கிறது, மயில்துத்தத்துக்குப் பதில் அதையே விடலாமா? உள்ளேயும் கிளியர் படிந்தால் கிரவுண்டு (சர்க்யூட்டின் பொது மின்இணைப்பு) விட்டுப்போகுமா?

---

ஈயப்புகை

புதுப் பெட்டி வேண்டாம். பாகங்களையெல்லாம் கழற்றிவிட்டு, ஓட்டைகளை உள்பக்கத்திலிருந்து பேக்கிங் டேப்பால் அடையுங்கள். டேப் ஒட்டும் இடத்தை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்டினால் கசியாது. ஓட்டையின் உள்விளிம்பு கரைசலில் வெறுமையாக நிற்குமே, அதற்கும் நெயில் பாலிஷ் ஒரு சுற்றுப் பூசுங்கள். இல்லையென்றால் விளிம்பு அரிபட்டு ஓட்டை கோணலாகப் பெரிதாகும். முகத்தைத் தட்டையாக்கத் தேய்க்கும்போது டிரில் போட்ட ஓட்டையின் பிசிறு உப்புத்தாளைக் கிழிக்கும், முதலிலேயே பெரிய டிரில் பிட்டைக் கையால் திருகிப் பிசிறை எடுத்துவிடுங்கள். படத்தை ஓட்டைகளோடு பொருத்தத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். பெட்டி முகத்தை ஸ்கேன் செய்து அந்தப் படத்தின் மேலேயே வௌவாலை வரைந்து, தாளில் ஓட்டை இருக்கும் இடங்களை வெட்டிவிட்டு, வெளிச்சத்தில் பிடித்து ஒத்துப்பார்த்து ஓரத்தில் டேப் போட்டு நிறுத்துங்கள்.

ஃபெரிக் குளோரைடு அரிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை நான் பெட்டிக்குப் பயன்படுத்தச் சொல்ல மாட்டேன். சர்க்யூட் போர்டில் செம்பு வழக்கமாக 35 மைக்ரான் தடிமன்தான், அதுவும் சாவகாசமாகக் கரையும். அலுமினியம் அதைவிட எவ்வளவோ வேகமாக வினைபுரியும் உலோகம். போர்டுக்குப் பயன்படுத்தும் அடர்த்தியிலேயே விட்டால் கொதித்து நுரைத்துத் தெறிக்கும். அந்தச் சூட்டில் டோனர் கிளம்பும், அதன் ஆவி பட்டால் பக்கத்தில் இருக்கும் இரும்புக் கருவிகள்கூடத் துருப்பிடிக்கும். நன்றாக நீர்த்துப்போகச் செய்து, சில விநாடி முக்கி எடுத்துக் கழுவி, மறுபடி முக்கி என்று செய்பவர்கள் இருக்கிறார்கள். கை பழகினவர்களுக்கு வருகிறது. மயில்துத்தம் அதைவிட நிதானமானது, கோட்டின் ஓரமும் கூர்மையாக வரும். அந்தப் பாட்டிலைப் போர்டுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கிரவுண்டு பற்றிக் கேட்டது நல்லதாயிற்று. பெயிண்ட், கிளியர், பவுடர் கோட் எல்லாமே மின்சாரத்தைக் கடத்தாது. பெட்டி கிரவுண்டோடு சேர்ந்திருந்தால்தான் வெளியிலிருந்து வரும் இரைச்சலைத் தடுக்கும். ஃபஸ் மாதிரி சிக்னலைப் பல மடங்கு பெருக்கும் சர்க்யூட்டில் அது விட்டுப்போனால் ஹம் என்ற ரீங்கார இரைச்சல் உடனே கேட்கும். பூச்சு அடிக்கும் முன் பெட்டியின் வாயை மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள், மூடி உட்காரும் விளிம்பையும் சேர்த்து. ஒயர் செருகும் ஜாக் உலோகம் என்றால் அதன் ஓட்டையைச் சுற்றி உள்பக்கம் வெறும் உலோகம் தெரிய வேண்டும், அங்கே பல்வாஷரைப் போடுங்கள். உடல் முழுக்கப் பிளாஸ்டிக்கான ஜாக் என்றால் அது பெட்டியைத் தொடாது, கிரவுண்டிலிருந்து ஒரு ஒயரை எடுத்துப் பெட்டியின் வெறும் உலோகத்தில் திருகு வைத்து முடிய வேண்டும்.

எல்லாம் பூட்டியதும் மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஒரு முனையை ஜாக்கின் ஸ்லீவ் (கிரவுண்டு) முனையிலும் மறு முனையைப் பெட்டியின் உள்சுவரிலும் வைத்துப் பாருங்கள். ஓர் ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். மூடியைத் திருகி மாட்டிவிட்டு மூடிக்கும் அதே மாதிரி தனியாகப் பாருங்கள். பெட்டி சரியாக இருந்து மூடி மட்டும் விட்டுப்போயிருப்பது அடிக்கடி நடக்கும். அப்படி இருந்தால் மூடியின் உள்ளோரத்தை 400 நம்பர் தாளால் ஒரு சுற்றுத் தேய்த்தால் போதும்.